மருத்துவமனை விரிப்பும் பீடத் துணியும்: துணிக்கலையை எப்படிப் பார்ப்பது?

பினாங்கு ஜார்ஜ்டவுனிலோ கோலாலம்பூரிலோ ஒரு கண்காட்சிக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சட்டம் போட்ட ஓவியங்களுக்கு நடுவே ஒரு படுக்கை விரிப்பு தொங்குகிறது. பழையது, நடுவில் நைந்திருக்கிறது. அதன்மேல் சிவப்பு நூலால் ஒரு கருப்பை தைத்திருக்கிறார்கள். கருப்பையைச் சுற்றி, மாதா படத்தில் இருப்பதுபோல், பன்னிரண்டு நட்சத்திரங்கள்.

எதிரே நிற்பவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒருவர், "அருமையான கைவேலை, எங்க பாட்டிகூட இப்படித்தான் தைப்பாங்க" என்பார். இன்னொருவர், "மாதாவை இப்படியா அவமானப்படுத்துவது?" என்று முகம் சுளிப்பார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, "பாவம், என்ன நோயோ, மனசு ஆறத் தைச்சிருக்காங்க" என்பார். மூன்று பேரும் கனிவாகவோ கோபமாகவோ ஏதோ சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த விரிப்பை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

பெண்ணுடல், தீராத நோய், கத்தோலிக்க நம்பிக்கை மூன்றையும் துணியில் பேசும் கலை உலகில் எங்கும் உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்று கலைப் பாடம் எதுவும் படிக்காதவர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வசதி: பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். அது பாடம் என்றுதான் தெரியாது.

பழைய சேலைக்கு ஏன் மதிப்பு?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் கடை ஒன்றில், நீல நூல்சேலை ஒன்று தொங்குகிறது. அதே நீலத்தில், அதே நெசவில், அம்மா கட்டிக் கிழிந்த சேலை வீட்டு அலமாரியில் இருக்கிறது. கடைச் சேலையை யாரும் வாங்கலாம், விற்கலாம். அலமாரியில் இருப்பதைக் காசு கொடுத்தாலும் தர மாட்டோம். அது பிள்ளைக்குத் தொட்டிலானது, காய்ச்சலில் நெற்றிக்கு ஈரத்துணியானது, ஓரத்தில் மஞ்சள் கறை ஏறியது. கடைச் சேலைக்கு விலை மட்டும் இருக்கிறது. வீட்டுச் சேலைக்கு ஒரு முன்வாழ்க்கை இருக்கிறது.

துணிக்கலை என்றால் துணி, நூல், நெசவு, தையல், சாயம் ஆகியவற்றையே முதன்மைப் பொருளாக வைத்துச் செய்யும் கலை. நாம் பேசும் வகைப் படைப்புகள் பெரும்பாலும் அந்த முன்வாழ்க்கையைத்தான் மூலப்பொருளாக எடுத்துக்கொள்கின்றன. கலைஞர் ஏற்கெனவே ஒரு வேலை செய்துகொண்டிருந்த துணியை எடுக்கிறார். அது விரிப்பு, கைத்துண்டு, உள்ளாடை, நோயாளி அங்கி, பீடத் துணி என்று எதுவாகவும் இருக்கலாம். அதில் ஏதோ ஒன்றை மட்டும் மாற்றுகிறார். பார்ப்பவரின் உடம்புக்கு அந்தத் துணி பழக்கமானது. தோளில், இடுப்பில், கன்னத்தில் அது எப்படிப் படும் என்று தெரியும். பழக்கமானதில் ஒன்று மாறியிருக்கும்போது, மூளை யோசிக்கும் முன்பே உடம்பு கண்டுபிடித்துவிடும்.

ஓவியன் வரையும் கேன்வாஸும் துணிதானே என்று கேட்கலாம். துணிதான், ஆனால் அங்கே அதை நாம் மறந்துவிட வேண்டும். பினாங்கில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1950-களில் இங்கே சுவா தியென் தெங் பாத்தேக் மெழுகையும் சாயத்தையும் கொண்டு ஓவியம் தீட்டினார். இடுப்பில் இருந்த பாத்தேக் சுவருக்கு ஏறியது. பெரிய சாதனைதான். ஆனால் அங்கே துணி ஓவியமாக மாறியது. நாம் பேசும் கலையில் துணி துணியாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சே இல்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இந்தக் கலையில் முதலில் பார்க்க வேண்டியது தைத்த படத்தை அல்ல. அந்தத் துணி முன்பு என்ன வேலை செய்தது என்பதைத்தான்.

"கைவேலை" எப்படிக் கீழே போனது

தையல் எப்போதும் தாழ்ந்த இடத்தில் இருந்ததில்லை. இடைக்கால ஐரோப்பாவில் இங்கிலாந்தின் பட்டுத் தையலுக்கு ஓவியத்தைவிட மதிப்பு அதிகம். தங்க இழையில் தைத்த திருப்பலி உடைகளைத் திருத்தந்தையர் தேடிச் சேர்த்தார்கள். 1295-ஆம் ஆண்டு வத்திக்கான் பொருட்பட்டியலில் அந்த ஆங்கிலத் தையல் வேலைகள் நிறையவே உண்டு. ஆண்களும் பெண்களும் பட்டறைகளில் கூலிக்குத் தைத்தார்கள்.

பிறகு தையல் வீட்டுக்குள் போனது, பெண் பிள்ளைகளை அடக்கமாக வளர்க்கும் பயிற்சியானது. குனிந்த தலை, மூடிய வாய், ஓயாத கை. 1852-இல் பினாங்குக்கு வந்து லைட் ஸ்திரீட்டில் கான்வென்ட் நடத்திய கன்னியர் காலத்திலும், அதற்குப் பிறகு நம் அத்தைமார் படித்த காலத்திலும், தையல் வகுப்புக்கு இந்த இரட்டை வேலை இருந்தது. பிழைக்க ஒரு தொழில், கூடவே அடக்கத்துக்கு ஒரு பாடம். இதே ஜார்ஜ்டவுனில் நியோன்யா பெண்கள், அதாவது மலாய் வழக்கங்களோடு கலந்து வளர்ந்த பெரனாக்கான் சீனக் குடும்பத்துப் பெண்கள், கல்யாணத்துக்காக மணிச் செருப்பு கோத்ததும் அப்படித்தான். மணி எவ்வளவு பொடியோ பெண்ணுக்கு அவ்வளவு பொறுமை என்று மாமியார் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1970-களில் பெண் கலைஞர்கள் சிலர் ஊசியை வேண்டுமென்றே கையில் எடுத்தார்கள். அமெரிக்காவின் ஜூடி சிகாகோ 1974 முதல் 1979 வரை பலரோடு சேர்ந்து செய்த 'தி டின்னர் பார்ட்டி'யில் முக்கோண மேசையில் 39 பெண்களுக்கு இடம் போட்டிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் கீழே விரித்த துணியில் அவரவர் காலத்துத் தையல் முறை. பணிவைப் பழக்கிய கருவியாலேயே பணிய மறுப்பதைச் சொல்லலாம் என்று அப்போது பலருக்கும் புரிந்தது. "பாட்டியும் இப்படித்தான் தைப்பாங்க" என்று சொல்பவர் தவறாகச் சொல்லவில்லை. பாட்டி தைத்ததால்தான் இந்த ஊசிக்கு இவ்வளவு பேச்சு.

நெருக்கம் என்றால் படுக்கையறை மட்டுமா?

இந்தக் கலையைப் பற்றிய பேச்சில் 'நெருக்கம்' என்ற சொல் அடிக்கடி வரும். கேட்டவுடனே காமம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உடம்புக்கு மிக அருகில் இருப்பது எதுவோ, யார் முன்னால் நம்மை மறைக்காமல் இருக்க முடியுமோ, அதெல்லாம் நெருக்கம்தான்.

இந்தத் தவறான முடிவுக்குப் பெயர் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. பிரிட்டனின் டிரேசி எமின் 1995-இல் ஒரு சிறிய கூடாரத்தின் உட்புறத்தில் 102 பெயர்களைத் தைத்தார். ஒரு துணித்துண்டை இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் ஒட்டுத்தையல் முறை. 1963 முதல் 1995 வரை தன்னோடு உறங்கிய எல்லாரும் என்பது அதன் தலைப்பு. பத்திரிகைகள் காதலர் பட்டியல் என்று குதித்தன. உள்ளே தலையை நுழைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதில் அவர் பாட்டி உண்டு, கூடவே பிறந்த இரட்டைச் சகோதரன் உண்டு, பிறக்காமல் போன கருக்கள் உண்டு. உடன் உறங்குவது என்பதை அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். படிக்க வேண்டுமென்றால் கூடாரத்துக்குள் குனிந்து போக வேண்டும் என்பதும் படைப்பின் பகுதி. வெளியில் நின்று தீர்ப்பு சொன்னவர்கள் குனியவில்லை.

பிரான்சில் பிறந்த லூயிஸ் பூர்ஷ்வா (1911–2010) இன்னொரு வழியில் போனார். அவர் பெற்றோர் பழைய திரைச்சீலைகளைச் செப்பனிடும் பட்டறை வைத்திருந்தார்கள். சிறுமி லூயிஸ், அரித்துப்போன திரைச்சீலைகளில் காணாமல் போன கால்களை வரைந்து கொடுப்பாராம். தாயார் நெடுநாள் நோயாளி. லூயிஸுக்கு இருபது வயதுக்குச் சற்று மேல் ஆனபோது, 1932-இல் இறந்துபோனார். எண்பது வயதைத் தாண்டியபின் லூயிஸ் தன் சொந்த உடைகளையும் வீட்டுத் துணிகளையும் வெட்டித் தைக்கத் தொடங்கினார். 1938-இல் திருமணமானபோது கொண்டுவந்த, பெயரெழுத்து தைத்த சாப்பாட்டுக் கைத்துண்டுகளைப் பக்கங்களாக வைத்து 2002-இல் ஒரு துணிப் புத்தகம் செய்தார். யாருடைய வாயைத் துடைத்த துணி அது, எத்தனை முறை வெளுத்தது என்று யோசித்தபடிதான் ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்க முடியும்.

நமக்கு இன்னும் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது: உத்தரியம். இரண்டு சிறிய பழுப்புக் கம்பளித் துண்டுகள், நாடாவில் கோத்தவை, ஒன்று மார்பில், ஒன்று முதுகில். சட்டைக்குள்ளே, தோலோடு ஒட்டிக் கிடக்கும். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியபோது போட்டது பல வருடம் கழுத்தில் கிடந்து வியர்வையில் கறுத்துப்போயிருக்கும். துணி, உடல், நம்பிக்கை மூன்றும் ஒட்டிய நெருக்கத்துக்கு இதைவிடத் தெளிவான பொருளை எந்தக் கலைக்கூடமும் காட்டிவிட முடியாது என்பது என் எண்ணம்.

வெள்ளைத் துணியும் கத்தோலிக்கப் பெண்ணும்

இனி கொஞ்சம் கடினமான பகுதி. 'கத்தோலிக்கப் பெண்மை' என்று இந்தக் கலைஞர்கள் குறிப்பது எதை?

திருச்சபையின் பேச்சில் பெண்ணுக்கு உச்ச மாதிரி மரியாள். ஒரே நேரத்தில் கன்னி, தாய். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1988-இல் பெண்களின் மாண்பு பற்றி எழுதிய மடலில், தாய்மையையும் கன்னிமையையும் பெண் அழைப்பின் இரண்டு பரிமாணங்களாக விளக்கினார். உயர்ந்த மரியாதையோடு சொன்னதுதான். ஆனால் இரண்டும் உடம்பைச் சார்ந்தவை என்பதைக் கவனியுங்கள். கருப்பை ஒழுங்காக வேலை செய்யாத, குழந்தை தங்காத, எப்போதும் வலியில் இருக்கும் பெண் இந்தப் படத்தில் எங்கே நிற்பாள்? பல கலைஞர்களின் வேலை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

இப்போது துணிப்பக்கம் வருவோம். ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் வாழ்க்கையை வெள்ளைத் துணிகளை வைத்தே சொல்லிவிடலாம். ஞானஸ்நானத்துக்கு வெள்ளை உடை. புதுநன்மைக்கு வெள்ளை கவுன். நம் கல்யாணங்களில் வெள்ளைச் சேலைக்கு மேல் வலைத்துணி முக்காடு. கடைசியில் சவப்பெட்டியின்மேல் விரிக்கும் வெள்ளைத் துணி. இந்த வெள்ளைகளுக்கு நடுவே, மாதாமாதம் கறைபடும் துணியைத் தனியாக அலசி, கொடியில் மற்றொரு துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போட்ட இன்னொரு வாழ்க்கையும் ஓடியது. அதற்குப் படமும் இல்லை, விழாவும் இல்லை.

விதிகளும் துணியை வைத்துத்தான் பேசின. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பெண்கள் வழிபாட்டில் தலையை மூடியிருக்க வேண்டும் என்றது. 1983-இல் வந்த புதிய தொகுப்பில் அந்த விதி இல்லை. இருந்தாலும் தமிழ்ப் பூசையில் நற்கருணை வாங்கப் போகும்போது முந்தானையை இழுத்துத் தலையில் போடும் பெரியம்மாக்களை இன்றும் பார்க்கலாம். அதே பழைய தொகுப்பில் அதிகம் பேசப்படாத வேறொரு விதியும் இருந்தது. நற்கருணையின்போது பயன்பட்ட துணிகளை, உதாரணமாக இரசக் கிண்ணத்தைத் துடைத்த துணியை, முதல் தடவை திருப்பட்டம் பெற்ற குருகுலத்தார்தான் அலச வேண்டும். கன்னியாஸ்திரிகள்கூட அதற்குப் பிறகுதான் துவைக்கலாம். அந்தத் துணியை நெய்து, வெட்டி, ஓரம் மடித்து, சிலுவை தைத்துக் கொடுத்தது பெரும்பாலும் அவர்கள் கைதான். திருஇரத்தம் பட்டபின் அந்தக் கைக்கு இரண்டாம் இடம்.

நோயைப் பற்றியும் ஒரு மரபு உண்டு: வேதனையை ஒப்புக்கொடுப்பது. தன் துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்த்துக் காணிக்கையாக்குவது என்று பொருள். மேலே சொன்ன திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1984-இல் துன்பத்தின் மீட்பளிக்கும் பொருள் பற்றி ஒரு மடல் எழுதினார். லூர்து அன்னை விழாவான பிப்ரவரி 11-ஐ உலக நோயாளர் நாளாக அறிவித்தவரும் அவரே. நீண்ட நோயில் கிடந்து 1946-இல், 36 வயதுக்குள், இறந்த கேரளத்து அல்போன்சா 2008-இல் புனிதையானார். இந்த மரபு எத்தனையோ நோயாளிகளுக்கு உண்மையான தெம்பு கொடுத்திருக்கிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வலி தாங்காமல் அழும் பெண்ணின் வாயை அடைக்கவும் "ஒப்புக்கொடும்மா" என்ற அதே சொல் பயன்பட்டிருக்கிறது. ஒரே சொல்லின் இரண்டு முகங்களையும் ஒரே துணியில் காட்ட முடிந்தால் அது நல்ல படைப்பு.

இந்தப் பகுதியின் சாரம்: கத்தோலிக்க வழக்கத்தில் துணி ஒருபோதும் வெறும் துணியாக இருந்ததில்லை. யார் தொடலாம், யார் மூடிக்கொள்ள வேண்டும், எந்தக் கறை புனிதம், எந்தக் கறை வெட்கம் என்பதெல்லாம் ஏற்கெனவே அதில் எழுதியிருக்கிறது.

நோய்க்கும் தையலுக்கும் என்ன பொருத்தம்?

நாட்பட்ட நோய் என்றால் ஒரு வாரம் மாத்திரை போட்டால் போய்விடாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கூடவே இருப்பது. லூபஸ், முடக்குவாதம், எண்டோமெட்ரியோசிஸ் போன்றவை. கடைசியாகச் சொன்னதில், கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்கிறது, அதனால் கடும் வலி வருகிறது. பிள்ளைப்பேறு வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டு இல்லை, வீக்கம் இல்லை. "மாசாமாசம் எல்லாருக்கும் வர்றதுதானே" என்ற பதிலோடு பல வருடம் போய்விடும்.

இந்த மாதிரி நோயை ஓர் ஓவியத்தில் காட்டுவது கடினம், ஏனென்றால் அதன் முக்கியக் குணம் உருவம் அல்ல, காலம். ஜி.எச்.சில், அதாவது அரசு மருத்துவமனையில், எண் வாங்கிக் காத்திருப்பது, அடுத்த அப்பாயிண்ட்மென்ட் நான்கு மாதம் கழித்து என்று அட்டையில் எழுதி வாங்குவது, நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருவது. தையல் இந்தக் காலத்தை அப்படியே பிடித்துவைக்கும். ஒவ்வொரு தையலும் ஊசி ஒரு முறை உள்ளே போய் வெளியே வந்த நேரம். படுத்துக்கொண்டும் தைக்கலாம். பாதியில் நிறுத்தி மூன்று நாள் கழித்துத் தொடரலாம். விரல் மூட்டு வீங்கிய நாளில் தையல் கோணும், மருந்து வேலை செய்த நாளில் நேராகும். பிரித்துத் திருத்தாமல் விட்டால், அந்தத் துணியே ஒரு நோய்க்குறிப்பேடு.

பழைய உதாரணம் ஒன்று ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில், பிரின்ஸ்ஹார்ன் சேகரிப்பில் இருக்கிறது. தையல் தொழில் தெரிந்த ஆக்னஸ் ரிக்டர் மனநல விடுதியில் அடைக்கப்பட்டிருந்தபோது, 1895 வாக்கில், அங்கே கிடைத்த முரட்டுத் துணியில் தனக்கு ஒரு சட்டை தைத்து, அதன் உள்ளும் புறமும் எழுத்துகளாகவே பூத்தையல் போட்டார். பல வரிகளை இன்று படிக்க முடிவதில்லை. 'நான்', 'என்' என்பவை திரும்பத் திரும்ப வருகின்றன. விடுதி கொடுத்த துணி விடுதியின் சொத்து; தைத்த எழுத்து அவருடையது. அதில் ஒரு பகுதி தோலைப் பார்த்தபடி உள்ளே இருக்கிறது. வேறு யாரும் படிப்பதற்காக அதை எழுதவில்லை போலும்.

அளவில் பெரிய உதாரணம் எய்ட்ஸ் நினைவுப் போர்வை. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு புதைகுழியின் அளவு. தைத்தவர்களில் பெரும்பாலோர் கலைஞர்கள் அல்ல. தாய்மார், நண்பர்கள், காதலர்கள்.

இங்கேயும் துணிக்கும் நோவுக்கும் பழைய உறவு உண்டு. பிள்ளை பெற்றபின் பத்தியம் காக்கும் பந்தாங் காலத்தில், அந்த 44 நாளும், வயிற்றில் இறுக்கிச் சுற்றும் நீளமான பெங்குங் துணி மலாய் மரபு. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) சொல்லிக்கொடுத்து, தமிழ் வீடுகளிலும் அதைச் சுற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஒரு கலைஞர் பெங்குங்கை எடுத்துச் சுவரில் நீளமாகத் தொங்கவிட்டால், இங்கே வளர்ந்த பெண்ணுக்கு வயிறு தானாக இறுகும். வெளிநாட்டுப் பார்வையாளருக்கு அது ஒரு நீளத் துணி.

"மனசு ஆறத் தைச்சிருக்காங்க" என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். சிகிச்சைக்காகத் தைப்பது தைப்பவருக்கானது. அவருக்கு நிம்மதி வந்தால் வேலை முடிந்தது. கலையாகத் தைப்பது பார்ப்பவரிடம் ஏதாவது நடக்க வேண்டும் என்பதற்காக. ஒன்றே இரண்டாகவும் இருக்கலாம். ஆனால் இரக்கப்பட்டு நகர்ந்துவிட்டால், பார்ப்பவரிடம் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

சரி, அந்த விரிப்புக்கு வருவோம்

முதல் பத்தியில் தொங்கவிட்ட விரிப்பு என் கற்பனை. அதை இப்போது பார்க்கத் தொடங்கலாம்.

துணி என்ன? ஓரத்தில் அச்சடித்த முத்திரை மங்கலாகத் தெரிகிறது, மருத்துவமனை விரிப்பு. எத்தனையோ பேர் படுத்தது, கொதிநீரில் வெளுத்தது. ஆனால் நான்கு ஓரத்திலும் யாரோ குரோஷா பின்னல் சேர்த்திருக்கிறார்கள். குரோஷா ஓரம் போட்ட வெள்ளைத் துணியைக் கோயிலில் எங்கே பார்ப்போம்? பீடத்தில். படுக்கையும் பீடமும் ஒரே துணியில் வந்துவிட்டன, இன்னும் படத்துக்கே நாம் போகவில்லை.

தையல் எப்படி? கருப்பையைச் சங்கிலித் தையலில் போட்டிருக்கிறார்கள். ஒரு கண்ணி அறுந்தால் வரிசையே உருவிக்கொண்டு வரக்கூடிய தையல். நைந்த நடுப்பகுதியை வெட்டி எறியாமல் இழையோட்டியிருக்கிறார்கள். கிழிசலை மறைக்கவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை.

பன்னிரண்டு நட்சத்திரங்கள்? திருவெளிப்பாட்டு நூலில் வரும் பெண்ணின் தலையில் பன்னிரண்டு விண்மீன் முடி. மாதா படங்களுக்கு அது அங்கிருந்து வந்தது. பன்னிரண்டு என்றதும் நற்செய்தி தெரிந்தவர்களுக்கு இன்னொரு பெண்ணும் நினைவுக்கு வர வேண்டும். மாற்கு 5-ஆம் அதிகாரத்தில், பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் வருந்தியவள். மருத்துவர் பலரிடம் போய், கையிருப்பையெல்லாம் செலவழித்து, குணமாவதற்குப் பதில் இன்னும் மோசமானவள். அன்றைய சட்டப்படி அவள் தொடுவதெல்லாம் தீட்டு. அவள் கூட்டத்தில் பின்னால் வந்து தொட்டது எதை? மேலாடையை. குணமாக்கும் கதையே துணி வழியாகத்தான் நடக்கிறது. இயேசு நின்று, யார் தொட்டது என்று கேட்டு, அவள் முழுக்கதையையும் எல்லார் முன்னாலும் சொல்லும்வரை காத்திருக்கிறார். நாட்பட்ட நோயாளியின் பேச்சை யாரோ ஒருவர் குறுக்கிடாமல் கேட்ட பழைய பதிவுகளில் இது ஒன்று.

முடிசூடிய மாதாவும் தீட்டென்று ஒதுக்கப்பட்ட அந்தப் பெண்ணும் ஒரே பன்னிரண்டில் சந்திக்கிறார்கள். இவ்வளவும் அந்த விரிப்பில் இருந்தது. "நல்ல கைவேலை" என்று சொல்லி நகர்ந்தவருக்குக் கிடைத்தது சிவப்பு நூல் மட்டும்.

நிந்தனையா?

முகம் சுளித்தவரை நான் கேலி செய்ய மாட்டேன். புனிதமானதைப் புனிதமாக வைத்திருக்க நினைப்பது குறையல்ல. இந்த நாட்டில் ஒருவர் மற்றவர் சமயத்தை மதித்துத்தான் வாழ்கிறோம், எச்சரிக்கை இயல்பு. ஆனால் அவருக்குச் சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையை நினைவூட்டுவேன். வெரோணிக்காள் இயேசுவின் முகத்தைத் துணியால் துடைக்கிறாள். வியர்வையும் இரத்தமும் கலந்த முகம் துணியில் பதிகிறது. நற்செய்தியில் இல்லாத இந்த நிகழ்ச்சியைத் தவக்காலந்தோறும் முழங்காலிட்டுத் தியானிக்கிறோம். உடலின் கறை படிந்த துணியை வணங்கும் மரபு நம்முடையது. வேளாங்கண்ணியில் குணம் கேட்டுக் கை, கால், கண் வடிவங்களைக் காணிக்கை வைப்பதும் நாம்தான். கை வைக்கலாம், கண் வைக்கலாம், கருப்பை வைத்தால் மட்டும் ஏன் கூச்சம் என்பதுதான் அந்த விரிப்பின் கேள்வி. கேள்வி மரபுக்கு உள்ளேயிருந்து வருகிறது.

மரியாளே நூல் நூற்றவள் என்றும் ஒரு பழங்கதை உண்டு. விவிலியத்தில் சேராத, 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யாக்கோபின் முதல் நற்செய்தியில், வானதூதர் வரும்போது அவள் ஆலயத் திரைக்குச் செவ்வூதா நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். கீழைத் திருச்சபைகளின் மங்கள வார்த்தைப் படங்களில் அவள் கையில் சிவப்பு நூல் இருப்பது அதனால்தான்.

இதற்காக எல்லாப் படைப்பையும் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. உள்ளாடையில் ஒரு செபமாலையைத் தைத்துவிட்டு அதிர்ச்சிக்காகக் காத்திருக்கும் வேலைகளும் இருக்கின்றன. இரண்டு பொருளைப் பக்கத்தில் வைத்தால் மட்டும் பேச்சு பிறக்காது. என் அளவுகோல் எளிது: துணியை மாற்றிப் பார்ப்பேன். மருத்துவமனை விரிப்புக்குப் பதில் கடையில் வாங்கிய புதுத் துணியில் அதையே தைத்திருந்தால் ஏதாவது குறைந்திருக்குமா? ஒன்றும் குறையாது என்றால் அது துணியில் போட்ட சுவரொட்டி.

போய்ப் பார்க்கும்போது

பினாங்கில் ஹின் பஸ் டிப்போ, கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம், இல்ஹாம் போன்ற இடங்களில் துணிப் படைப்புகள் அவ்வப்போது வரும். பக்கத்தில் ஒட்டிய சிறு அட்டையில் தலைப்பைவிடப் பொருள் வரியை முதலில் படியுங்கள். 'பருத்தி, நூல்' என்றிருந்தால் ஒரு கதை. 'அம்மாவின் கைலி, காஸ் துணி, தேநீர்க் கறை' என்றிருந்தால் வேறு கதை. முடிந்தால் பின்பக்கத்தையும் பாருங்கள். முடிச்சும் தாண்டிப்போன நூலும் அங்கேதான் இருக்கும். சில கலைஞர்கள் பின்பக்கம் தெரிய வேண்டுமென்றே அறை நடுவில் தொங்கவிடுவார்கள். கை வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள், விரலின் எண்ணெய் துணியில் இறங்கிவிடும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இந்தக் கலைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பூஞ்சை, வெள்ளிப்பூச்சி, மடிப்பு விழுந்த இடத்தில் இற்றுப்போவது. கலைக்கூடங்கள் ஈரப்பதத்தைக் குறைத்து, வெளிச்சத்தை அடக்கி, மடிக்காமல் உருளையில் சுற்றி வைத்துக் காப்பாற்றப் பார்க்கும். நோயைப் பற்றிய துணி தானும் நலிந்து போகட்டும் என்று விட்டுவிட விரும்பும் கலைஞர்களும் இருக்கிறார்கள். எமினின் கூடாரம் 2004-இல் லண்டனில் ஒரு கிடங்குத் தீயில் எரிந்துபோனது. மறுபடி செய்து தரும்படி கேட்டபோது அவர் மறுத்துவிட்டார்.